டாஞ்சியர்: ஒரு பகலா, இரண்டு இரவா?

கேள்வி இது: "தெற்கு ஸ்பெயின் போகிறோம். தாரிஃபாவில் கப்பல் ஏறி, மொராக்கோவின் டாஞ்சியரை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்தால் தலை சுற்றுகிறது. பாதிப் பேர் தொல்லை தாங்கவில்லை, இனி அந்தப் பக்கமே போகமாட்டோம் என்கிறார்கள். மீதிப் பேர் உருகுகிறார்கள். யாரை நம்புவது?"

இரு தரப்பையும் நம்பலாம். அவர்கள் பார்த்தது வேறு வேறு ஊர், அவ்வளவுதான். முதல் தரப்பில் பெரும்பாலோர் காலை பத்து மணிக்குத் துறைமுக வாசலில் இறங்கி, மாலை நாலு மணிக்கு அதே வாசலில் ஏறியவர்கள். இரண்டாம் தரப்பு இரவு தங்கியவர்கள். டாஞ்சியரைப் பற்றி எதைப் படித்தாலும், எழுதியவர் எத்தனை மணிக்கு வந்தார், எந்த வழியாக வந்தார், எப்போது கிளம்பினார் என்று முதலில் பாருங்கள். முக்கால்வாசி முரண் அங்கேயே தீர்ந்துவிடும். முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். ஒரு பகல்தான் வாய்க்கும் என்றால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஒருநாள் பயணிகளின் குறிப்புகள் எல்லாம் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன? ஏனென்றால் அவர்கள் நடந்த பாதை ஒன்றே. மலிவான ஒருநாள் சுற்றுலா என்றால் ஒட்டகத்தோடு ஒரு படம், கஸ்பாவில் (ஊர் உச்சியில் உள்ள பழைய கோட்டையில்) கால் மணி நேரம், கம்பளக் கடை, 'மூலிகை மருந்தகம்', பாட்டுக்காரர்களோடு மதியச் சாப்பாடு, திரும்பக் கப்பல். சீட்டு மலிவாக இருப்பதற்குக் காரணம், அந்தக் கடைகள் வழிகாட்டிக்குத் தரும் தரகு. வாசலில் தானாக வந்து "இலவசமாகக் காட்டுகிறேன்" என்பவரின் கணக்கும் இதுவே. அவருடைய கூலி கம்பளத்தின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. கடையில் அரை மணி நேரம் தேநீர் கொடுத்து உட்காரவைப்பதும், வாங்காமல் எழுந்தால் முகம் மாறுவதும் இதனால்தான். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் கோபம் பாதி குறையும். அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியிருப்பார்கள். அவர்களிடம் நேரத்துக்குக் கூலி பேசி, 'கடைக்குப் போகக் கூடாது' என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால் நிம்மதி.

கரையிறங்கும் இடத்தின் நெருக்கடி புதிதில்லை. 1661 திருமண உடன்படிக்கைப்படி போர்த்துகீசிய இளவரசி கேத்தரினின் சீதனமாக பம்பாயும் டாஞ்சியரும் சேர்ந்தே ஆங்கிலேயர் கைக்குப் போயின. பம்பாயை வைத்துக்கொண்டார்கள். டாஞ்சியரில் பெரும் பொருட்செலவில் அலைதடுப்புச் சுவர் ஒன்றைக் கட்டிவிட்டு, 1684-ல் அதைத் தாங்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு வெளியேறினார்கள். சரியான துறை இல்லாததால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணிகள் கப்பலிலிருந்து படகுக்கு இறங்கி, அங்கிருந்து சுமைகூலிகளின் முதுகில் ஏறிக் கரை சேர்ந்தார்கள். கால் தரையில் படும் முன்பே கூலித் தகராறு தொடங்கிவிடும். முதல் அரை மணி நேரத்தை வைத்து ஊரை எடைபோடும் பழக்கம் அப்போதே இருந்தது. 1867-ல் வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், தான் தேடிய முழு அந்நியத்தன்மை இங்கே கிடைத்தது என்று மகிழ்ந்தார். ஒரு நாளைக்குத்தான் இது சுவாரசியம், பிறகு அலுப்பூட்டும் சிறை என்றும் எழுதினார். 1683-ல் வந்த ஆங்கில நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் ஊரைக் கடுமையாக வெறுத்தார். அவர் வந்ததே ஊரைக் கைவிடும் படையோடு. ஓவியர் மத்தீஸ் 1912 ஜனவரிக் கடைசியில் வந்து, விடாத மழையில் விடுதி அறைக்குள் அடைபட்டார். மழை விட்டதும் அவர் கண்ட ஒளியும், அறைச் சன்னல் வழியே வரைந்த ஊரும் இன்று உலகம் அறிந்தவை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் திரும்பவும் வந்தார்.

டாஞ்சியர் தானே ஒரு பெரும் பயணியைப் பெற்ற ஊர். இப்னு பதூதா 1304-ல் இங்கே பிறந்து, 1325-ல் இருபத்தொரு வயதில் தனியாகக் கிளம்பினார். இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறி, அங்கிருந்து கப்பலில் வரும்போது புயலில் சிக்கித் தமிழகக் கரையில் ஒதுங்கி, மதுரை சுல்தான் கியாசுதீனின் முகாமுக்கு வந்து சேர்ந்தார். அந்த சுல்தானின் கொடுமைகளையும், மதுரையில் பரவிய கொள்ளைநோயையும் அவர் சொல்லிவைத்திருப்பது நம் வரலாற்றுக்கு முக்கியமான சான்று. பழைய ஊருக்குள் அவருடையது என்று காட்டப்படும் சின்ன வெள்ளைக் கல்லறைக் கட்டடம் உண்டு. அவர் உண்மையில் அங்கேதான் அடக்கமானாரா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனாலும் மதுரைக்காரர் ஒருவர் அந்தச் சந்துக்குள் போய் ஒரு நிமிடம் நிற்பதில் பொருள் இருக்கிறது.

இனி ஏற்பாடுகள். முதலில் விசா, ஏனென்றால் இங்கே தவறினால் திருத்த வழியில்லை. ஸ்பெயினிலிருந்து டாஞ்சியருக்குக் கப்பல் ஏறும் நிமிடமே நீங்கள் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின்) எல்லையைத் தாண்டி வெளியேறிவிடுகிறீர்கள். உங்களுடைய ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால் மாலையில் திரும்ப ஸ்பெயினுக்குள் நுழைய முடியாது. இருமுறை அல்லது பலமுறை நுழைவு விசாதான் வேண்டும். மொராக்கோவுக்கும் தனி விசா தேவை. இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் மின்விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒருநாள் சுற்றுலாதானே என்று அதற்கு விலக்கு கிடையாது. விசாவைத் தாளில் அச்சிட்டுக் கையில் வையுங்கள்.

அடுத்தது, எந்தத் துறைமுகம் என்பது. 'டாஞ்சியர்' என்று போட்டு விற்கும் சீட்டுகள் இரண்டு வெவ்வேறு இடங்களுக்குப் போகின்றன. தாரிஃபாவிலிருந்து கிளம்பும் வேகக் கப்பல் 'டாஞ்சியர் வீல்' என்னும் ஊர்த் துறைமுகத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரும். இறங்கினால் பழைய ஊரின் மதில் கண்ணெதிரே நிற்கும். ஸ்பெயினின் இன்னொரு துறைமுகமான அல்ஹெசிராசிலிருந்து கிளம்புபவை 2007-ல் திறந்த 'டாஞ்சியர் மெத்' என்னும் பெரிய சரக்குத் துறைமுகத்துக்குப் போகும். அது ஊருக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே இறங்கி ஊருக்கு வர இன்னும் ஒரு மணி நேரமும் தனிச் செலவும் ஆகும். ஒருநாள் பயணம் கெட்டுப்போவதற்கு இந்தக் குழப்பம் ஒரு பெரிய காரணம்.

தாரிஃபாக் கப்பலுக்கு ஒரு வியாதி உண்டு, கீழைக்காற்று. ஸ்பெயின் கரையில் லெவாந்தே, மொராக்கோக் கரையில் ஷர்கி என்பார்கள். இரு கரைக்கும் நடுவிலுள்ள ஜிப்ரால்டர் நீரிணையின் குறுகிய இடம் 14 கிலோமீட்டர்தான் என்பதால், இரு பக்க மலைகளுக்கும் நடுவே காற்று புனல் வழியே பாய்வதுபோல வேகம் பிடிக்கும். இலேசான வேகக் கப்பல்கள் அதில் ஓடாது, சேவையை நிறுத்திவிடுவார்கள். சில சமயம் நாள்கணக்கில் நீடிக்கும். அப்படி ஆனால், தாரிஃபாவிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் அல்ஹெசிராஸ் போய்ப் பெரிய கப்பலைப் பிடிப்பதே மாற்று வழி. மறுநாள் காலை விமானத்தை வைத்துக்கொண்டு முதல் நாள் டாஞ்சியர் போகவே போகாதீர்கள். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும்.

கப்பல் ஏறியதும் கடலைப் பார்க்க ஓடாதீர்கள். இந்த வழித்தடத்தில் மொராக்கோக் காவலர் கப்பலுக்குள்ளேயே மேசை போட்டு நுழைவு முத்திரை குத்துவது வழக்கம். வரிசை நீளமாகும், ஏறிய உடனே போய் நின்றால் பத்து நிமிடத்தில் முடியும். மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு முத்திரை இல்லாமல் இறங்குபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாரும் இறங்கிப்போன கப்பலில் நின்று வேலையை முடிக்க வேண்டியிருக்கும். ட்ரோன் வைத்திருந்தால் ஸ்பெயினிலேயே விட்டுவிடுங்கள். மொராக்கோவுக்குள் கொண்டுவரத் தடை, சுங்கத்தில் பிடித்துவைத்துவிடுவார்கள்.

கடிகார விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். குளிர்காலத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். கோடையில் ஸ்பெயின் ஒரு மணி நேரம் முந்தும். ரமலான் மாதத்தில் மொராக்கோ தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும். சீட்டில் இருப்பது கிளம்பும் துறைமுகத்தின் நேரம். கோடையில் காலை 9-க்குத் தாரிஃபாவில் ஏறினால் டாஞ்சியரில் இறங்கும்போதும் 9 மணிதான். கைபேசியை நம்பாதீர்கள்: நீரிணையின் இரு கரையிலும் எதிர்க்கரைக் கோபுரத்தின் அலை சில சமயம் பிடித்துவிடும், நேரமும் மாறிவிடும். ஐரோப்பிய சிம்முக்கு மொராக்கோவில் சலுகைக் கட்டணமும் பொருந்தாது. ஆகவே தரவு இணைப்பை தாரிஃபாவிலேயே அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கையால் திருத்திக்கொள்ளுங்கள்.

பணம் திர்ஹாம். வெளிநாட்டில் தாராளமாகக் கிடைக்காது. உள்ளே கொண்டுவரவும் வெளியே எடுத்துப்போகவும் 2,000 திர்ஹாம்தான் உச்சவரம்பு. ஊரில் ஏடிஎம்மில் எடுப்பதே சுலபம். வருவது 100, 200 தாள்கள். அவற்றை வைத்துக்கொண்டு டாக்சியில் ஏறினால் சில்லறை இல்லை என்பார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட. முதல் தேநீர்க் கடையிலேயே தாளை மாற்றி 5, 10 திர்ஹாம் நாணயங்களாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் சில்லறை வைத்திருப்பவருக்குச் சண்டை குறைவு.

டாக்சி இரண்டு வகை. வெளிர்நீல வண்டியில் மஞ்சள் பட்டை போட்டிருந்தால் ஊருக்குள் ஓடும் சின்ன டாக்சி. மூன்று பேர் வரை ஏற்றும், மீட்டர் உண்டு. "கோந்தூர், அஃபாக்" என்றால் மீட்டர் போடுங்கள் என்று பொருள். ஊருக்குள் பெரும்பாலும் பத்து இருபது திர்ஹாமில் முடியும். இரவில் பாதி கூடுதல். வழியில் வேறொருவரை ஏற்றினால் அது மோசடி இல்லை, அங்கே அதுதான் முறை. நீங்கள் ஏறும்போது மீட்டரில் ஏற்கெனவே இருந்த தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். துறைமுக வாசலில் காத்திருக்கும் வண்டிகள் பல மடங்கு கேட்கும். சாலைக்கு நடந்து போய் ஓடும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினால் விலை தானாக இறங்கும்.

ஒருநாள் பயணிக்கான முறை இங்கேதான் தொடங்குகிறது. துறைமுகத்திலிருந்து மேலே ஏறாதீர்கள். அந்த ஏற்றத்தில்தான் எல்லாத் தரகர்களும் காத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கி நின்று வரைபடத்தைப் பார்க்கும் இடமும் அதுவே. டாக்சியில் நேரே கஸ்பா வாசலுக்குப் போய், உச்சியிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். பழைய ஊர் முழுக்க கடலை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. எந்தச் சந்தில் வழி தவறினாலும் இறக்கத்திலேயே நடந்தால் மதில் வாசல் ஒன்றோ துறைமுகமோ வந்தே தீரும். கஸ்பாவில் பழைய சுல்தான் மாளிகை இப்போது அருங்காட்சியகம், செவ்வாய் விடுமுறை. அதற்குப் பக்கத்தில் பாப் பஹ்ர், அதாவது கடல்வாசல். மதிலில் திறந்த அந்த வாயிலில் நின்றால் துறைமுகமும் நீரிணையும், தெளிந்த நாளில் ஸ்பெயினின் மலைகளும் தெரியும்.

அங்கிருந்து இறங்கினால் உள்ளூரார் சூக் தாகில் என்னும் 'உள் சந்தை', வெளியூரார் சொல்லும் பெதி சோக்கோ. சின்னச் சதுக்கம், சுற்றிலும் காபிக் கடைகள். 1923 உடன்படிக்கைக்குப் பின் 1956 வரை பல நாடுகள் சேர்ந்து ஆண்ட சர்வதேச மண்டலமாக இருந்த காலத்தில் பணம் மாற்றுவோரும் கடத்தல்காரரும் உளவாளிகளும் உட்கார்ந்த இடம் இது. அருகிலேயே பழைய அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது. 1821-ல் சுல்தான் மௌலாய் சுலைமான் அன்பளிப்பாகக் கொடுத்த கட்டடம். அமெரிக்க அரசுக்கு வெளிநாட்டில் கிடைத்த முதல் சொத்து அதுதான். சந்துக்கு மேலேயே பாலமாகக் கட்டியிருக்கும் அதன் அறைகளைப் பார்க்கவாவது போகலாம். சியாகீன் தெரு வழியே மேலேறினால் சூக் பர்ரா, 'வெளிச் சந்தை'. 1947 ஏப்ரல் 9 அன்று சுல்தான் ஐந்தாம் முகமது மொராக்கோவின் விடுதலை நோக்கிப் பேசியது இங்கேதான். சதுக்கத்துக்கு அந்தத் தேதியே பெயராக இருக்கிறது.

வியாழனோ ஞாயிறோ வாய்த்தால் இந்த இடத்தைத் தவறவிடாதீர்கள். சுற்றியுள்ள மலையூர்களிலிருந்து ஜெபாலா பெண்கள் சந்தைக்கு இறங்குவார்கள். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கைத்தறித் துணியை இடுப்பில் இறுக்கியிருப்பார்கள். தலையில் அகலமான வைக்கோல் தொப்பி, அதில் கறுப்பும் நீலமுமாகக் கம்பளிக் குஞ்சங்கள். தரையில் விரித்த சாக்கில் புதினாக் கட்டு, அவரை, முட்டை, ஜ்பென் என்னும் புதுப் பாலாடைக்கட்டி. ஆட்டுப் பாலில் செய்த வெள்ளை வட்டம். குட்டைப் பனையின் ஓலையை விளிம்பில் சுற்றிக் கட்டியிருப்பார்கள். மோர்நீர் இன்னும் கசியும். வாயில் வைத்தால் முதலில் உப்பு, பிறகு இலேசான புளிப்பு. சூடான ரொட்டியோடு அன்றே தின்றுவிட வேண்டியது, பையில் வைத்துச் சுமக்க ஆகாது. இந்தப் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்று கைகாட்டுவார்கள்; அதோடு விட்டுவிடுவதுதான் மரியாதை. காவலர்களையும் துறைமுகப் பாதுகாப்பையும் படம் எடுப்பது வேறு வகையான தொல்லையில் கொண்டுபோய் விடும்.

சாப்பாட்டில் நம்மவர்க்கு ஒரு நல்ல செய்தி: இந்த ஊரின் தெருத் தின்பண்டம் கடலைமாவில் செய்தது. பெயர் கலிந்தே. மாவு, தண்ணீர், எண்ணெய், முட்டை, உப்பு கலந்து பெரிய தகரத் தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுவார்கள். மேலே பழுப்புத் தோல் கட்டியிருக்கும்; உள்ளே பால்கோவாவை விட இளக்கமாக ஆடும். தள்ளுவண்டிக்காரர் ஒரு துண்டு வெட்டித் தாளில் வைத்து, சீரகப்பொடி தூவித் தருவார். காலையில் பிசாரா கேளுங்கள்: காய்ந்த பாக்கலா அவரையைப் பூண்டோடு குழைய வேகவைத்து மசித்த கூழ், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும். பொதுவாக இறைச்சி சேராது. சைவர்கள் கவனிக்க வேண்டியது மற்றவற்றில்: காய்கறிக் குஸ்குஸ் (கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்தது) என்று வருவதன் காய்கள் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் வெந்தவை, ஹரீரா சூப்பிலும் இறைச்சி கலந்திருக்கும். "ப்லா ல்ஹம்" என்றால் இறைச்சி இல்லாமல். ஆனால் தட்டிலிருந்து துண்டை எடுத்துவிட்டு அப்படியே தருவதும் உண்டு, ஆகவே சமையல்காரரிடமே கேளுங்கள். வெள்ளி நண்பகலில் தொழுகைக்காகப் பல கடைகள் மூடியிருக்கும். ரமலானில் பகல் முழுக்க உணவுக் கடைகள் அரிது. ஒருநாள் பயணத்துக்கு அந்த மாதம் ஒத்துவராது. தங்குபவர்க்கு அதன் இரவுகள் அற்புதம்.

தரகரைச் சமாளிப்பதற்கு ஒரே வழி: நிற்காமல் நடந்தபடி, சிரித்த முகத்தோடு "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி), ஒரே ஒரு முறை. எங்கே போகிறீர்கள் என்பதற்குப் பதில் சொன்னால் அவர் முன்னால் நடக்கத் தொடங்குவார், அதற்குக் கூலி கேட்பார். "அந்தத் தெரு மூடிவிட்டது", "இன்று மட்டும்தான் பெர்பர் சந்தை" என்பவற்றைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கஞ்சா விற்பவர்களிடம் பேச்சே கூடாது, வாங்குவது குற்றம். ஆனால் கடைக்குள்ளிருந்து "இந்தியாவா? ஷாருக் கான்!" என்று குரல் வந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மொராக்கோவில் இந்திப் படங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ரசிகர்கள் உண்டு. அது உண்மையான பிரியம்.

இரவு தங்குபவருக்குக் கிடைப்பது என்ன? மாலைக் கப்பல் போனதும் தரகர்களின் வேலை முடிகிறது. அதன் பிறகு ஊர் தன்னுடைய வேலையைப் பார்க்கத் தொடங்குகிறது. குடும்பங்கள் பாஸ்தர் சாலையில் உலாவ வருகின்றன. பீரங்கிகள் வரிசையாக நிற்கும் மேட்டுத் திடலில் பையன்கள் ஏறி உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். மறுநாள் மாலை மர்ஷான் பகுதிக்கு நடந்து போனால் பாறையில் வெட்டிய ஃபினீசியக் கல்லறைக் குழிகள் மழைநீர் தேங்கிக் கிடக்கும்; அவற்றின் ஓரத்திலேயே ஊர்மக்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஓரடி தாண்டினால் 1921 முதல் இருக்கும் கஃபே ஹாஃபா. குன்றின் சரிவில் படிபடியாக இறங்கும் திண்ணைகள். கண்ணாடிக் குவளையில் புதினாத் தேநீர் மட்டும் போதும், அங்கே விருந்து தேடாதீர்கள். குவளையை விளிம்பில் பிடியுங்கள், அடியில் பிடித்தால் விரல் சுடும்.

கூடுதலாக அரை நாள் இருந்தால் ஊருக்கு வெளியே போகும் இன்னொரு வகையான பெரிய டாக்சியை நேரத்துக்குப் பேசி, 14 கிலோமீட்டர் மேற்கே ஸ்பார்ட்டெல் முனைக்குப் போய் வாருங்கள். 1864-ல் எழுந்த கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. இன்னும் சற்றுத் தெற்கே ஹெர்குலிஸ் குகை. கடல் பக்கத் துவாரம் ஆப்பிரிக்கா வடிவில் இருப்பதைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். நீங்கள் சுவரையும் பாருங்கள்: வட்ட வட்டமாகச் செதுக்கிய தடங்கள் தெரியும். காலங்காலமாகத் திரிகைக் கல் வெட்டி எடுத்த இடங்கள் அவை.

பருவத்தில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, பிறகு செப்டம்பர், அக்டோபர் நல்லவை. மத்தீஸ் மாட்டிக்கொண்ட ஜனவரி மழை இன்றும் மாறவில்லை.

திரும்பும் நாளில் கப்பலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்துக்குப் போய்விடுங்கள். வெளியேறும் முத்திரைக்கு ஒரு வரிசை, பை சோதனைக்கு இன்னொரு வரிசை. மிச்சமிருக்கும் திர்ஹாமை மாற்ற பணம் மாற்றிய அல்லது ஏடிஎம் ரசீதைக் கேட்பார்கள், எறிந்துவிடாதீர்கள். தொகை சிறிது என்றால் மாற்றும் வேலையே வேண்டாம். வரும் வழியில் ஒரு கட்டு ஓலைச் சீஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, சுற்றுச்சுவர் ஓரம் உட்கார்ந்து தின்று முடித்துவிட்டு உள்ளே போங்கள். பால் பண்டங்களையும் இறைச்சிப் பண்டங்களையும் ஐரோப்பியச் சுங்கம் உள்ளே விடாது.